எஞ்சிய நூலும் ஒரு பிஞ்சு மேனியும்

குன்னூரில் எங்கள் வீட்டுப் பரணின்மீது ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. என் தாயார் 2019ஆம் ஆண்டில் மறைந்த பின்னர் மூன்றாண்டுக் காலம் அதனை எவரும் இறக்கவில்லை. அதற்குப் பூட்டும் கிடையாது. சாவி தொலைந்துவிட்டது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. உள்ளே இருப்பது என்ன என்பதை நானும் என் தம்பியும் நன்கறிவோம். அறிந்திருந்ததே எங்கள் தயக்கத்திற்குக் காரணம்.

2022 அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை மலையை மூடிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், தம்பியின் மனைவி என்னிடம் ஒரு கோரிக்கை வைத்தாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

"டிசம்பர்க் குளிரில் பிள்ளை பிறக்கப் போகிறது. உங்கள் கையால் ஒரு குல்லாவாவது பின்னிக் கொடுங்கள், மதினி."

நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் புறப்பட்ட என்னைத் தம்பிதான் தடுத்தான். "அம்மாவின் பெட்டி நிறைய நூல் இருக்கும்போது புதிதாக எதற்கு அக்கா?" என்றான். அன்று இரவே ஏணி வைத்துப் பெட்டியை இறக்கினோம்.

அம்மா 1960களில் இங்குள்ள ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்கள். ஆங்கிலம் அறியார்கள். ஆனால் அப்பள்ளியின் தையல் ஆசிரியை கற்றுக்கொடுத்த நிட், பர்ல் என்னும் இரு கண்ணிகளையும் ஐம்பதாண்டுகள் கைவிடவில்லை. ஆங்கிலப் பின்னல் புத்தகங்களில் வரும் சுருக்கெழுத்துகளைத் தம் குறிப்பேட்டில் 'கே 2, பி 2' என்று தமிழ் எழுத்திலேயே பெயர்த்து எழுதி வைத்திருந்தார்கள். ஒரு மொழியை அறியாமலே அதன் ஒரு மூலையில் மட்டும் புலமை பெற்றிருந்த அந்தத் திறமையை இளங்கலை வகுப்பில் இலக்கியம் படித்த நான் பின்னாளில்தான் வியக்கக் கற்றேன்.

பெட்டிக்குள் முப்பத்தொரு நூலுருண்டைகள் இருந்தன. சமையலறைத் தராசில் இட்டு நிறுத்தபோது எல்லாம் சேர்ந்து 1 கிலோ 850 கிராம். பெரியது 140 கிராம். சிறியது எலுமிச்சம்பழத்தின் அளவே. கரும்பச்சை, அத்தாவின் கையில்லாத ஸ்வெட்டரில் எஞ்சியது. அரக்குச் சிவப்பு, என் பள்ளிச் சீருடையினது. சாம்பல் நிறம் யாருடையது என்று இன்றுவரை விளங்கவில்லை. அடியில், செய்தித்தாளில் சுற்றியபடி, ஊசியோடு கூடிய ஓர் இளஞ்சிவப்புத் துண்டு கிடந்தது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மிச்சம் ஏன் மிஞ்சுகிறது?

பின்னத் தெரிந்த எந்த வீட்டிலும் மிச்ச நூல் சேராமல் இராது. ஒரு ஸ்வெட்டருக்கு எத்தனை உருண்டை வேண்டும் என்பதைக் கடைக்காரரும் அறியார். பின்னுபவரும் துல்லியமாக அறியார். ஒரே நிறமே ஆனாலும் ஒரு முறை சாயமேற்றியதும் மறுமுறை சாயமேற்றியதும் நூலளவு வேறுபடும். முதுகுப்புறம் முடிந்து கை பின்னும்போது நூல் தீர்ந்து, திரும்பக் கடைக்குச் சென்றால், அதே நிறம் கிடைக்காது. இந்த அச்சத்தால் ஓர் உருண்டை கூடவே வாங்குவோம். அந்த ஓர் உருண்டைதான் பரணுக்குப் போகிறது.

வளர்ந்த ஒருவருக்குக் கைவைத்த ஸ்வெட்டர் பின்ன 400 கிராம் முதல் 500 கிராம் வரை ஒரே நூல் வேண்டும். 60 கிராம், 40 கிராம் என்று கிடக்கின்ற மிச்சங்கள் பெரியவர்க்கு உதவா. ஆனால் பிறந்த பிள்ளைக்கு ஒரு குல்லா 25 அல்லது 30 கிராமில் முடிந்துவிடும். ஒரு சோடிக் காலுறைக்கு 20 கிராம் போதும். ஒரு வயதுப் பிள்ளைக்குக் கையில்லாத ஸ்வெட்டரே 100 கிராமுக்குள் அடங்கும். பெரியவர்களின் உடையில் எஞ்சியது குழந்தையின் உடைக்கு முழுமையாகிவிடுகிறது.

ஊட்டியில் திபெத்தியர் சந்தையில் விதவிதமான ஸ்வெட்டர்கள் மலிவாகக் கிடைக்கும்போது இந்த வேலை எதற்கு என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. நூலைக் காசு கொடுத்து வாங்கி, செலவிடும் மாலைப் பொழுதுகளையும் கணக்கில் சேர்த்தால், கையால் பின்னுவது ஒருபோதும் சிக்கனமாகாது. நூல் ஏற்கெனவே வீட்டில் கிடக்கிறது என்பதே இதில் உள்ள ஒரே இலாபம்.

நெருப்பும் நீரும் கூறும் சாட்சி

பழைய நூலில் முதற் சிக்கல், அது என்ன நூல் என்பதே. சுற்றியிருந்த காகிதப்பட்டை எப்போதோ போயிருக்கும். கண்ணுக்குக் கம்பளியாகத் தோன்றுவது அக்ரிலிக் என்னும் செயற்கை இழையாக இருக்கலாம். ஒரு சாண் நூலை இடுக்கியால் பிடித்து, கீழே தண்ணீர் ஊற்றிய தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். ஆட்டுக் கம்பளியானால் தலைமயிர் கருகும் நாற்றம் வீசும். நெருப்பை அகற்றியதும் பெரும்பாலும் தானே அணையும். சாம்பல் விரல் பட்டவுடன் பொடியாகும். அக்ரிலிக் அப்படியன்று. உருகிச் சொட்டும், ஆறியபின் கல்போல் இறுகிய மணியாக நிற்கும். இரண்டும் கலந்த நூலில் இரு குணங்களும் தெரியும்.

இதனை அறிந்துகொள்வது வெறும் ஆர்வத்திற்காக அன்று. கம்பளியை வெந்நீரில் கசக்கினால் சுருங்கிக் கெட்டிப்படும்; அக்ரிலிக் சுருங்காது. இரண்டையும் மாறி மாறிப் பட்டைகளாகப் பின்னினால், நான்கு முறை துவைத்தபின் ஸ்வெட்டர் பலாப்பழத் தோல் போலக் காட்சி தரும். என் முதல் முயற்சியில் அவ்வாறு ஒன்று உருவாகி, இன்றளவும் பாத்திரம் இறக்கும் துணியாகப் பயன்படுகிறது. மற்றொன்று இதனினும் முக்கியமானது. அடுப்பங்கரையில் தவழும் பிள்ளையின் உடையில் பொறி விழுந்தால், உருகிய அக்ரிலிக் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பு எரியும் வீடுகளுக்குக் கொடுப்பதாயின் கம்பளியே ஏற்றது.

சாயத்தையும் சோதிக்க வேண்டும். சிவப்பு, கருநீலம், கரும்பச்சை ஆகியவற்றில் ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றிவைத்து, உலர்ந்தபின் பிரித்தால் துணி உண்மையைச் சொல்லிவிடும். பிள்ளைகள் ஸ்வெட்டரின் கைநுனியைச் சப்புவார்கள் என்பதை மறக்கலாகாது.

இச்சோதனைகளில் என் பள்ளிச் சீருடையின் அரக்குச் சிவப்பு நூல் அக்ரிலிக் என்று தெரியவந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கம்பளி என்று எண்ணி அணிந்திருந்தேன்! அத்தாவின் கரும்பச்சையும் உரிமையாளர் தெரியாத சாம்பல் நிறமும் தூய கம்பளி. இளஞ்சிவப்பும் அவ்வாறே.

ஊசியில் நின்ற பின்னல்

1991 ஜூன் மாதத்தில் எனக்கு ஒரு தங்கை பிறந்தாள். ஏழாம் நாள் பெயர் வைத்தோம். ஒன்பதாம் நாள் மையவாடியில் அடக்கம் செய்தோம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஆறு. அவளுக்கென்று அம்மா பின்னத் தொடங்கியிருந்த இளஞ்சிவப்பு ஸ்வெட்டர் நாற்பத்தெட்டு வரிசைகளோடு நின்றுபோயிற்று. அதன்பின் ஓராண்டு அம்மா ஊசியைத் தொடவில்லை. தொட்டபோது அத்தாவுக்காகக் கரும்பச்சையில் தொடங்கினார்கள். இளஞ்சிவப்பைத் தொடரவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் அது அவ்வாறே இருந்தது. ஊசி துருப்பிடித்து, அதன்மீது நின்ற கண்ணிகளிலெல்லாம் துருவின் கறை படிந்திருந்தது.

அதைக் கையில் எடுத்தபோது, அதைத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்டால் சரியான விடை என்னிடம் இல்லை. அன்றிரவு எங்கள் பெரியம்மா வந்திருந்தார்கள். என் கையிலிருந்ததைக் கண்டதும் அவர்கள் முகம் மாறிவிட்டது.

"மவுத்தான பிள்ளைக்கு வாங்கின நூலைப் பிறக்கப் போகிற பிள்ளைக்குப் போடாதே" என்றார்கள்.

சகுனம் பார்ப்பது மார்க்கத்தில் இல்லை என்று வாரந்தோறும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். அதையே பெரியம்மாவிடமும் பணிவாகச் சொன்னேன். சொல்லிவிட்டேனேயன்றி, அந்த இரவில் என் விரல்கள் தயங்கின என்பதை மறைக்க மாட்டேன். இதனைக் கேட்டுக்கொண்டிருந்த தம்பி மனைவியே முடிவு சொன்னாள்: "எனக்கு அச்சமில்லை மதினி. துரு மட்டும் போகட்டும்."

மறுநாள் பிரித்தேன். பழைய பின்னலைப் பிரிப்பதற்கென்று ஒரு முறை உண்டு. முதலில் பக்கத் தையலை அவிழ்த்துத் துண்டுகளைத் தனியாக்க வேண்டும். முடிந்த முனையிலிருந்து இழுத்து, நாற்காலியின் முதுகில் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டிச் சிட்டமாக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல், அடியில் சிறு எடை கட்டி நிழலில் தொங்கவிட்டால் நூலின் சுருள் நீங்கும். எந்திரத்தில் பின்னிய துணியை வெட்டித் தைத்த ஸ்வெட்டர்களில் இது பயன்படாது. வெட்டிய ஓரத்தில் ஒவ்வொரு வரிசையும் அறுந்திருப்பதால் முழநூல்களே கையில் வரும்.

எங்கள் இளஞ்சிவப்பில் வேறு துன்பம் இருந்தது. அந்துப்பூச்சி அதனைக் கண்டுவிட்டிருந்தது. பூச்சி நூலைத் தின்பதில்லை. அதன் புழுதான் கம்பளியைத் தின்கிறது. இரண்டு முழத்துக்கு ஓரிடத்தில் அறுந்து அறுந்து வந்தது. துருப்பிடித்த கண்ணிகளை வெட்டி எறிந்தேன். தேறியது 34 கிராம்.

தூய கம்பளியானால் அறுந்த முனைகளை முடிச்சிட வேண்டுவதில்லை. இரு முனைகளின் இழைகளையும் விரித்து ஒன்றன்மீது ஒன்று வைத்து, இரண்டு சொட்டு நீர் விட்டு, உள்ளங்கைகளின் இடையே சூடு பிறக்கும்வரை தேய்க்க வேண்டும். கம்பளி மயிரில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. அவை ஒன்றையொன்று கவ்வி இறுகிவிடும். அக்ரிலிக்கில் இது நடவாது. இவ்வாறு பத்தொன்பது இடங்களில் இணைத்து, 10ஆம் எண் ஊசியில், ஒரு குல்லாவைப் பின்னி முடித்தேன். ஷாம்பு கலந்த நீரில் அலசி உலர்த்தி, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பையில் முதலாவதாக வைத்தேன்.

செவிலியர் திருப்பித் தந்த குல்லா

2022 டிசம்பரில் தம்பிக்கு ஆண் குழந்தை பிறந்தது. குல்லாவை எடுத்து நீட்டினேன். வாங்கிய செவிலியர் அதனைத் தம் மூக்கருகே கொண்டுசென்றார்; பிள்ளையின் தலையில் வைக்காமல் என்னிடமே திருப்பித் தந்தார்.

"அந்துருண்டை போட்டு வைத்திருந்த நூலா? இந்த வாடை உள்ள எதையும் பச்சைப்பிள்ளையின் அருகில் கொண்டுவராதீர்கள்" என்றார்.

எனக்குச் சினம் வந்தது. முப்பதாண்டுக் கதையை அந்தப் பெண்மணியிடம் சொல்லவும் முடியவில்லை. வராந்தாவில் நின்று குல்லாவை முகர்ந்தேன். ஆம், வாடை இருந்தது. எங்கள் மூக்குகளுக்கு அது 'அம்மாவின் பெட்டி வாசனை'யாகப் பழகிப்போயிருந்தது.

பின்னர் குழந்தை மருத்துவரிடம் விளக்கம் கேட்டேன். சகோதரிகள் இதனைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். நம் வீடுகளில் இதனை அறிந்தவர் குறைவு. வெள்ளை அந்துருண்டைகள் பலவற்றில் இருப்பது நாப்தலீன் என்னும் பொருள். நம்மிடையே சிலர் பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களாகப் பிறக்கின்றனர். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளிடம் இக்குறை வெளிப்படும். மலேரியா நெடுங்காலம் பரவியிருந்த நிலப்பகுதிகளின் மக்களிடம் இது மிகுதி; இந்தியாவும் அவற்றுள் ஒன்று. அத்தகைய பிள்ளை நாப்தலீன் ஆவியை முகர்ந்தாலோ, அது தோலில் பட்டாலோ, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை ஏற்படலாம். பச்சிளங்குழந்தையின் காமாலை மிஞ்சினால் மூளையே பாதிக்கப்படும். பரணிலிருந்து இறக்கிய துணியையும் போர்வையையும் பிள்ளைக்குச் சுற்றியதால் இவ்வாறு நேர்ந்ததாக மருத்துவ ஏடுகளில் நெடுங்காலமாகவே பதிவுகள் உண்டு. பிள்ளைக்கு அக்குறை இருக்கிறதா இல்லையா என்பதை முகத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

நான் துவைத்தேனே என்றேன். நாப்தலீன் நீரில் கரைவது மிக அரிது, ஆகவே துவைத்தாலும் போகாது என்றார். ஆனால் அது கற்பூரத்தைப் போலக் காற்றில் தானே ஆவியாகும் தன்மையது. காற்றோட்டத்தில் நெடுநாள் விரித்து வைத்தால் நீங்கும், எவ்வாறாயினும் பிறந்த பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

முதல் சில வாரங்களுக்கு மருத்துவமனையில் கொடுத்த பருத்திக் குல்லாவும் தாயின் மார்போடு அணைத்த சூடுமே போதுமானவையாக இருந்தன. பின்னர் நான் கடைத்தெருவுக்குச் சென்று 50 கிராம் புது நூல் வாங்கி வந்தேன். பெட்டியில் 1 கிலோ 850 கிராம் வைத்துக்கொண்டு!

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்குக் கடினமாக இருந்தது. அவர்கள் காட்டிய காரணம் தவறு. ஆயினும் அந்தக் குல்லா அந்தத் தலைக்கு ஏறியிருக்கக் கூடாது என்பதும் உண்மை. இறந்தவர்மீது நமக்குள்ள பற்று வேறு, பிறந்த பிள்ளையின் தோலுக்கு வேண்டியது வேறு. நான் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்செவிலியர் பிள்ளையைப் பார்த்தார்.

வராந்தாவில் ஓராண்டு

பெட்டியிலிருந்த நூல் முழுவதையும் சிட்டமாக்கி வராந்தாவில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். மழைக்காலத்தில் உள்ளே, வெயில் நாளில் வெளியே என்று ஓராண்டு அது எங்களோடு இடம்பெயர்ந்தது. எங்கள் மதரஸாவின் மாணவிகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதனைப் பார்ப்பார்கள். அந்நாட்களில் அவர்களுக்குச் சூரத்துந் நஹ்ல் பாடம் நடந்துகொண்டிருந்தது. அதன் 92ஆம் வசனத்தில், உறுதியாக நூற்ற நூலைப் பின்னர் துண்டு துண்டாகப் பிரித்துவிட்ட பெண் உவமையாக வருகிறாள். ஒரு மாணவி சட்டென்று கேட்டாள்: "உஸ்தாபி, அப்படியானால் ஸ்வெட்டரைப் பிரிப்பது கூடாதா?"

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அந்த வசனம் இளஞ்சிவப்பைப் பிரித்த அன்றே என் நினைவுக்கு வந்திருந்தது. அவ்வுவமை வாக்குறுதியை முறிப்பவர்களைப் பற்றியது, ஸ்வெட்டரைப் பற்றியது அன்று என்று விளக்கினேன். அந்தப் பெண் உழைப்பை வீணாக்கவே பிரிக்கிறாள். நாம் மறுபடி பின்னுவதற்காகப் பிரிக்கிறோம். அதே சூராவின் 80ஆம் வசனத்தில் கால்நடைகளின் கம்பளியும் உரோமமும் அருட்கொடைகளாகக் கூறப்பட்டிருப்பதையும் எடுத்துக் காட்டினேன்.

மற்றொருத்தி, "பின்னல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த கலைதானே?" என்றாள். எங்கள் மலைக்கு அவர்களால் வந்தது என்பது சரி. ஆனால் இரண்டு ஊசிகளால் பின்னும் இக்கலையின் மிகப் பழைய சான்றுகள் எகிப்தில் கிடைத்தவை. இஸ்லாமிய ஆட்சிக் காலத்தைச் சேர்ந்த, வெள்ளையும் நீலமும் கலந்த பருத்திக் காலுறைகள். ஸ்பெயின் நாட்டில் புர்கோஸ் நகரத்து லாஸ் உவெல்காஸ் மடாலயத்தில், 1275ஆம் ஆண்டில் இறந்த பெர்னாந்தோ தெ லா செர்தா என்னும் இளவரசனின் கல்லறையிலிருந்து பட்டு நூலால் பின்னிய ஒரு தலையணை கிடைத்தது. அதில் கூஃபி எழுத்தில் 'பரக்கத்' என்னும் அரபுச் சொல் கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டிருக்கிறது. கிறிஸ்தவ இளவரசனின் தலைக்கடியில் முஸ்லிம் கைவினைஞரின் பின்னல்!

இதனினும் என் உள்ளத்தைத் தொட்டது இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சிறு காலுறை. ரோமானியர் ஆட்சியில், கி.பி. 300ஆம் ஆண்டையொட்டி, எகிப்தின் அந்தினோபோலிஸ் நகரில் ஒரு குழந்தையின் இடது காலுக்காகச் செய்யப்பட்டது, குப்பைமேட்டிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஒற்றை ஊசியால் கோத்து இழுக்கும் பழைய முறையில், பல நிறப் பட்டைகளோடு செய்திருக்கிறார்கள். 2018ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் ஒளிப்பட முறையால் ஆராய்ந்தபோது, அத்தனை நிறங்களும் மூன்றே தாவரங்களின் சாயங்களால் உண்டானவை என்று கண்டார்கள். பட்டைக்கொரு நிறம் வைத்தது அழகுக்காகவா, வீட்டில் எஞ்சியிருந்த நூலைத் தீர்க்கவா என்று இன்று யாரும் சொல்ல முடியாது. நான் ஒரு முடிவு செய்துகொண்டேன். அது ஆய்வாளர் முடிவன்று.

கழுத்திலிருந்து கீழ்நோக்கி

2023 நவம்பரில் வாடை முற்றிலும் நீங்கியது. என் மூக்கை நான் நம்பவில்லை. அண்டை வீட்டுப் பெண்மணியை அழைத்து முகரச் செய்தேன். மருத்துவரிடமும் ஒருமுறை கேட்டுக்கொண்டேன். இதற்குள் பிள்ளைக்கு ஒரு வயது நிறையப் போகிறது. பிறக்கும்போது தலையின் சுற்றளவு ஏறத்தாழ 35 செ.மீ. இருக்கும், ஓராண்டில் 46 செ.மீ. ஆகிவிடுகிறது. இளஞ்சிவப்புக் குல்லா அவன் உச்சியில் கிண்ணம்போல் நின்றது. மறுபடி பிரித்தேன். இம்முறை விரல்கள் தயங்கவில்லை.

மிச்ச நூலில் பின்னுகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கழுத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னும் முறை. முன்புறம், பின்புறம் என்று தனித்தனியாகப் பின்னித் தைத்தால், ஒரு பக்கத்தில் நூல் தீர்ந்ததும் எல்லாம் நின்றுவிடும். கழுத்திலிருந்து ஒரே வட்டமாக இறங்கினால் நூல் எங்கே தீர்கிறதோ அங்கே விளிம்பு. ஒரு வரிசைக்குப் பின்னலின் அகலத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நூல் செல்லும்; நான்கு மடங்கு கையில் இருந்தால் அடுத்த வரிசையை அச்சமின்றித் தொடங்கலாம். இரண்டு காலுறைக்கோ இரண்டு கைக்கோ ஆனால், உருண்டையை முதலிலேயே தராசில் இட்டு இரு சம பங்காக்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஒரு கை நீளமும் ஒரு கை குட்டையுமாக முடியும்.

குழந்தையின் தலை அதன் உடலை நோக்கப் பெரியது. கழுத்து இறுக்கமாக இருந்தால் போட்டுவிடும்போதெல்லாம் அழுகைதான். தோளில் இரண்டு பொத்தான் வைத்துத் திறந்துவிடுவது நல்லது. அப்பொத்தான்களை இழுத்தாலும் கழலாதபடி தைக்க வேண்டும். கழுத்தில் நாடா கூடவே கூடாது. நிறம் மாற்றும் ஒவ்வோர் இடத்திலும் நூல்முனைகள் உட்புறம் தொங்கும். சோம்பலால் அப்படியே விட்டுவிடுகிறோம். காலுறைக்குள் தொங்கும் ஒற்றை இழை பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கி இரத்தவோட்டத்தை நிறுத்திய நிகழ்ச்சிகள் உண்டு. முனைகளைக் கண்ணிகளுக்குள் செருகி முடித்துவிட்டு, உட்புறத்தை வெளியே திருப்பி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சமவெளியில் வாழும் சகோதரிகளுக்கு ஒரு சொல். சித்திரை வெயிலிலும் கைக்குழந்தைக்குக் கம்பளிக் குல்லாவும் காலுறையும் மாட்டி, அதன்மேல் துவாலையும் சுற்றி எடுத்து வருவோரைப் பேருந்தில் காண்கிறேன். பிள்ளைக்கு நாம் உடுத்துவதைவிட ஓர் அடுக்கு மிகுதி, அவ்வளவே. தூங்கும்போது வீட்டுக்குள் தலையை மூட வேண்டியதில்லை. குழந்தை சூட்டை வெளியேற்றும் வழிகளுள் தலை முக்கியமானது. மிச்ச நூல் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைக்கு வேர்க்க வைக்கலாமா?

9ஆம் எண் ஊசியில் அந்தக் கையில்லாத ஸ்வெட்டர் பதினோரு மாலைகளில் முடிந்தது. தோள்பகுதி சாம்பல் நிறம். மார்பில் அத்தாவின் கரும்பச்சை. இடையிடையே மூன்று இளஞ்சிவப்புப் பட்டைகள். 22 கிராம் இளஞ்சிவப்பு சென்றது. குளிர்ந்த நீரில் அலசி, தட்டையாக விரித்து உலர்த்தினோம். பிள்ளை அதனைப் போட்டுக்கொண்டு முதல் வேலையாகச் சாணத்தில் உட்கார்ந்தான்.

அக்ரிலிக் என்று தெரிந்த அரக்குச் சிவப்பைப் பிள்ளையின் பக்கம் கொண்டுபோகவில்லை. அதில் பெரியம்மாவின் வெந்நீர்ப்பைக்கு ஓர் உறை பின்னினேன். "உன் பள்ளிக்கூட ஸ்வெட்டரா இது?" என்று தடவிப் பார்த்தார்கள்.

எஞ்சியதை இப்போது பெட்டியில் வைப்பதில்லை. துவைத்து, வெயிலில் நன்கு உலர்த்தி, இறுக மூடும் உறைகளில் இட்டு, ஒவ்வோர் உறையின்மீதும் நூலின் வகையையும் எடையையும் எழுதி, கைக்கெட்டும் அலமாரியில் வைத்திருக்கிறேன். அழுக்கும் வியர்வையும் படிந்த கம்பளியையே அந்துப்புழு முதலில் நாடுமாதலால், துவைத்து வைத்தாலே பாதிக் காவல் ஆயிற்று. மூன்று மாதத்திற்கொருமுறை பிரித்துப் பார்க்கிறேன். அந்துருண்டை வாங்குவதை நிறுத்திவிட்டோம்.

2024 நவம்பரில் பிள்ளை ஸ்வெட்டரைவிட நீண்டுவிட்டான். கீழ் விளிம்பை அவிழ்த்து, கண்ணிகளை மீண்டும் ஊசியில் ஏற்றி, பதினைந்து வரிசைகள் கூட்டினேன். சாம்பல் நிறம் அதோடு தீர்ந்தது. இளஞ்சிவப்பில் எஞ்சியிருந்த சிறு உருண்டையைக் கடைசி நான்கு வரிசைகளுக்கு எடுத்துக்கொண்டேன். விளிம்பை முடித்தபோது கையில் ஒரு சாண் நூல் மிஞ்சியது. பிள்ளை அதனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். உறைக்குப் பொத்தான் அறுந்துவிட்டதாகப் பெரியம்மா சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊசியை எடுத்துக்கொண்டு அங்கே புறப்பட்டேன்.